பின்மூடியில் இருந்த பெயர்

விமானி கட்ட வேண்டிய கடிகாரத்தின் முதுகில் ஒரு தோட்டத் தொழிலாளியின் பெயர் இருந்தது. தமிழில், ஆணியால் கீறியது. ஞா. பூதலிங்கம். அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் கடிகாரம் சுத்தமாகிவிடும் என்றார் எங்கள் கடிகாரக் கூட்டத்து அனந்தபத்மநாபன் சார். சுத்தம் என்ற வார்த்தையை யார், எங்கே, எந்தக் குரலில் சொல்வார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன்.

முதலில் கடிகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். டென்சோக்கு என்று பெயர். வானத்தை அளப்பது என்று ஜப்பானிய மொழியில் அர்த்தமாம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் கடற்படை விமானிகளுக்காகச் செய்தது. உள்ளங்கையை முக்கால்வாசி மறைக்கும் அளவு பெரியது. சாவி கொடுக்கும் திருகு சின்ன வெங்காயம் மாதிரி இருக்கும்; தடித்த கையுறை போட்டுக்கொண்டும் திருகலாம். முகப்பைச் சுற்றி நாணய விளிம்பு போலப் பல் வெட்டிய வளையம். அதைக் கட்டிக்கொண்டு பறந்தவர்களில் பெரும்பாலோர் திரும்பி வரவில்லை, கடிகாரங்களும் வரவில்லை. அதனால் உலகத்தில் மிச்சம் இருப்பவை கொஞ்சம்தான். அதில் ஒன்று திருவனந்தபுரத்துக் கரிமடத்தில், எங்கள் வீட்டு பீரோவில், என் சர்டிபிகேட்டுகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

என் பெயர் பேச்சி. கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிக்கிறேன். அடுத்தவன் செய்ததில் தப்புக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள். எனக்குப் பொருத்தமான வேலை. அப்பா வேல்சாமி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே கட்டட வேலைக்கு வந்தவர். அம்மா மாடம்மாள் தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறாள். எங்கள் குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். முதல் ஆள் என்றால் ஸ்கூட்டர் வாங்க வேண்டும், தங்கம் சேர்க்க வேண்டும், ஏலச் சீட்டுப் போட வேண்டும். நான் ஜப்பான் விமானிகளின் கடிகாரங்களை வாங்கினேன்.

"எதுக்கு?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். பட்டம் என்கிற பணக்காரப் பேட்டையில் இருக்கும் டாக்டர் ராணுவக் கடிகாரம் சேர்த்தால் அவருக்கு ரசனை இருக்கிறது என்கிறார்கள். நான் சேர்த்தால் எதுக்கு. சரி, சொல்கிறேன். ஜப்பான் ராணுவத்தின் மேல் எனக்கு ஒரு மயக்கமும் கிடையாது. அது மலேயாவில் நம் ஆட்களை என்ன பாடு படுத்தியது என்று படித்திருக்கிறேன். எனக்குப் பிடித்தது பொருள். அதில் ஒரு பூ கிடையாது, மினுக்குக் கிடையாது. இருட்டில் பார்க்க வேண்டும், குளிரில் திருக வேண்டும், தப்பாகக் காட்டினால் ஆள் கடலில் விழுவான். வேலைக்கென்று செய்த சாமான். எங்கள் வீட்டில் எல்லாச் சாமானும் அப்படித்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற மாதிரி எங்களிடம் ஒன்றும் இருந்ததில்லை. ஒன்று இருக்கட்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம். போதாது என்றால் என்னிடம் வேறு காரணம் இல்லை.

அம்மாவுக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை.

"செத்தவன் கையில கெடந்ததக் கொண்டாந்து சாமி படத்துக்குக் கீழ வைக்கா பாரு. ஏட்டி, அவன் ராத்திரி வந்து மணி என்னன்னு கேட்டா நீ சொல்லுவியா, நான் சொல்லணுமா?"

"ஜப்பான்ல கேப்பான். ஒனக்குப் புரியாது. படுத்துக்கோ."

டென்சோக்கு எனக்குக் கிடைத்தது ஆரியசாலையில். சாலைக் கடைத்தெரு ஓரத்துச் சந்தில் வீரபாண்டி அண்ணன் பழைய கடிகாரக் கடை வைத்திருக்கிறார். மூடிப்போன எஸ்டேட்டுகளிலிருந்தும் இடிக்கிற வீடுகளிலிருந்தும் மூட்டையாக வாங்கிப் பிரித்து விற்பார். அவர் கடையில் ஒரு நடைமுறை உண்டு. ராணுவ முத்திரை உள்ளது எது வந்தாலும் முதலில் அனந்தபத்மநாபன் சாருக்குப் போட்டோ போக வேண்டும். அவர் வேண்டாமென்று சொன்னால்தான் மற்றவர்களுக்கு. பரம்பரைச் சொத்து மாதிரி அந்த உரிமை. அன்றைக்கு நான் போனபோது மூட்டை அப்போதுதான் பிரிந்து கிடந்தது. அலாரம் டைம்பீஸ்களுக்கு நடுவே அந்த வெங்காயத் திருகு தெரிந்தது.  முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"அண்ணே, இது ஓடுமா?"

"தெரியல தங்கச்சி. பாக்க பஸ் ஸ்டாண்டு கெடிகாரம் மாதிரி இருக்கு. எவன் கையில கெட்டுவான்?"

"நான் கெட்டுவேன்."

வாங்கி, பையில் போட்டு, தெரு முக்கு தாண்டிய பிறகுதான் திருப்பிப் பார்த்தேன். ஜப்பானிய எழுத்துகளுக்குக் கீழே, கொஞ்சம் கோணலாக, தமிழ். வெயிலில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். நடுத்தெருவில் என்னைப் பார்த்து சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர், "எந்தா மோளே, லாட்டரியோ?" என்றார்.

மூட்டை எங்கிருந்து வந்தது என்று வீரபாண்டி அண்ணனை நச்சரித்துத் தெரிந்துகொண்டேன். போனக்காடு. தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் எலிசாள் என்று ஒரு அம்மா தகரப் பெட்டியைக் காலி செய்து போட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை விதுரா வழியாகப் பஸ் ஏறினேன். சும்மா போகவில்லை. இது என்ன பொருள் என்று தெரியாமல் ஒருத்தி பழைய சாமானோடு போட்டதை, தெரிந்த நான் வாங்கிவைத்துக்கொண்டு சிரித்தால், பிறகு எனக்கும் மற்றவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

எலிசாள் வாசலில் காந்தாரி மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கடிகாரத்தைக் காட்டினதும் அடையாளம் தெரிந்துகொண்டாள். அது என்ன விலைக்குப் போகும் என்று உள்ளது உள்ளபடி சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தாள்.

"திருப்பித் தரவா வந்தே?"

"ஆமா."

"எனக்கெதுக்குப் பிள்ளே? இங்க வச்சா கொரங்கு தூக்கிட்டுப் போவும். நீயே வையி. வித்தேன்னா பாதி எனக்கு."

"சரி. ஆனா விக்கமாட்டேன்."

"விக்கமாட்டியா? பெறவு எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்து எனக்கு ஆசை காட்டுதே?"

"இந்தப் பேரு யாருன்னு கேக்க வந்தேன்."

பூதலிங்கம் அவள் மாமனார். மலேயாவில் ரப்பர் பால் எடுக்கப் போனவர். ஜப்பான்காரன் வந்ததும் தோட்டத்து ஆட்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய், விமானம் இறங்கும் தரை போட மண் சுமக்க வைத்தான். கூடப் போனவர்களில் பாதிப் பேர் அந்தத் தரைக்குப் பக்கத்திலேயே புதைந்தார்கள். இவர் எப்படியோ தப்பி, போர் முடிந்து ஊர் வந்து, பிறகு போனக்காட்டுக்கு ஏறினார். வரும்போது இடுப்புத் துணியில் கடிகாரம்.

"எடுத்தாரோ, குடுத்தானோ, அடிச்சுப் பிடுங்குனாரோ, கர்த்தருக்குத்தான் தெரியும். கேட்டா 'என் வாட்ச்சு'ம்பாரு. வேற ஒண்ணும் வாயில வராது."

"பேரு எப்பம் எழுதினார்?"

"அதுவா? ஒரு நாளு எஸ்டேட்டு சூப்பர்வைசர் கண்டுட்டான். எங்கல திருடுனேன்னு எல்லார் முன்னாலயும் கேட்டுப்போட்டான். மனுசன் நேரா வீட்டுக்கு வந்தாரு, செருப்புல இருந்து ஆணியப் பிடுங்கினாரு, முற்றத்துல உக்காந்து கீறினாரு. கீறி முடிச்சு, மறுநா அந்த சூப்பர்வைசர் கையிலயே கொண்டு குடுத்து, வாசின்னாரு."

"அவன் வாசிச்சானா?"

"அவன் மலையாளத்தான். தமிழு தெரியாது. நின்னு முழிச்சானாம்." மறுபடியும் சிரித்தாள். "எங்க மாமனாரு சாவுற வரைக்கும் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

இறங்கி வரும்போது எனக்கு ஒன்று தீர்மானமாகிவிட்டது. திருகு போகட்டும், முள் போகட்டும், ஓடாமல்கூடப் போகட்டும். அந்தப் பெயர் மட்டும் இருந்த இடத்தில் இருக்க வேண்டும்.

இனி எங்கள் கூட்டத்தைப் பற்றி. திருவனந்தபுரத்தில் ராணுவக் கடிகாரம் சேர்ப்பவர்கள் மாதத்துக்கொரு முறை வலியசாலையில் சார் வீட்டு மாடியில் கூடுவோம். சார் ஒரு விமானக் கம்பெனியில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். விஷயம் தெரிந்தவர், அதை மறுக்கமாட்டேன். அவர் மருமான் ஹரிஷங்கர்தான் செயலாளர். அந்தக் கூட்டத்தில் ஒரே பெண் நான். ஹோட்டல் பாத்திரம் கழுவுகிறவளின் மகளும் நான் ஒருத்திதான். முதல் தடவை போனபோது கீழே வாசலில் நின்ற மாமி, சாரின் மனைவி, வேலைக்கு ஆள் கேட்டிருந்தோமே அதற்கு வந்திருக்கிறாயா என்று கேட்டாள். இல்லை, நான் வேறு வேலையாக வந்தேன் என்று சொல்லி மாடி ஏறினேன்.

கூட்டத்துக்கு ஒரு விதி உண்டு. ஒவ்வொரு கடிகாரத்தோடும் ஒரு அட்டை இருக்க வேண்டும். எதை மாற்றினார்கள், எதைத் தேய்த்தார்கள், எதைப் பூசினார்கள், யார் செய்தது, யார் செய்யச் சொன்னது எல்லாம் அதில் இருக்க வேண்டும். கடிகாரம் யாருடையதோ அவரே எழுத வேண்டும். அடுத்தவர் அட்டையில் யாரும் கை வைக்கக்கூடாது. அந்த விதியை எழுதியவர் சார்தான். ஒருமுறை பட்டத்து டாக்டர் ஒரு முள்ளை மாற்றிவிட்டு அட்டையில் எழுதாமல் கொண்டுவந்தார். சார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்து, "மறைச்சா திருட்டாக்கும் டாக்டரே" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். டாக்டர் முகம் சிவந்துபோய்க் காப்பியைக் குடிக்காமலே இறங்கிப் போனார்.

டென்சோக்குவைப் பச்சை வெல்வெட்டில் வைத்தபோது எல்லோரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார்கள். சார் கையுறை போட்டுக்கொண்டு எடுத்தார். பூதக்கண்ணாடி வைத்து முகப்பை இரண்டு தடவை பார்த்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"எங்கேர்ந்து கெடச்சது நோக்கு?"

"ஆரியசாலையில, சார்."

"வீரபாண்டி நேக்கு ஒண்ணும் சொல்லலியே?"

"நான் முதல்ல போயிட்டேன்."

அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் கடிகாரத்தை விட மனசில்லை. "ஒரிஜினலாக்கும், கேட்டேளா. அம்பது வருஷமா இதை புஸ்தகத்துலதான் பார்த்திண்டிருக்கேன்" என்றபடி திருப்பினார். முகம் சுருங்கியது. "ஐயய்யோ. இதென்ன கிறுக்கல்?"

"கிறுக்கல் இல்ல சார். பேரு."

"யாரோட பேரு?"

"வச்சிருந்தவரோட பேரு."

"வச்சிருந்தவனா, லவட்டினவனா?"

மாடி சிரித்தது. டாக்டர்கூடச் சிரித்தார். ஒரு சூப்பர்வைசர் செத்தால் அவன் கேள்வி சாகாது போலிருக்கிறது. அதே கேள்வி மலையிறங்கி, படித்து, வேஷ்டி கட்டிக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்திருந்தது.

"கொழந்தே, கோச்சுக்காதே. கூலிக்காரன் ஒருத்தன் ஆணியால கீறினதுக்காக இப்படி ஒரு பீஸை நாசமா விடப்படாது. நம்ம செல்வகணேஷ் இருக்கான். ஜப்பான் எழுத்தைத் தொடாம இதை மட்டும் லேசா தேய்ச்சு எடுத்துடுவான். சுத்தமாயிடும். அடுத்த மாசம் கண்காட்சிக்கு நடுநாயகமா இதை வெச்சுடலாம்."

"உங்க இங்கிலீஷ்காரன் வாட்ச்சுல 'ரெஜிக்கு அம்மாவின் அன்புடன்'னு வெட்டியிருக்கே. அதையும் தேய்ச்சு எடுத்துடுவானா?"

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஹரிஷங்கருக்குப் புரையேறியது.

"அது வேற. அது வாட்ச்சோட சரித்திரம்."

"இதுவும் அதுதான்."

"அது ஒரு ஆபீசரோட அம்மா, கொழந்தே."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. இரண்டும் இரண்டும் நாலு என்கிற மாதிரிச் சொன்னார். எனக்கு எரிந்தது அதனால்தான். "இதைத் தொட வேண்டாம், சார்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். "சேரி, சேரி" என்றார். எல்லோருக்கும் கேட்டது.

பிறகு வழக்கம்போல வடையும் காப்பியும் வந்தன. அன்றைக்குக் கொண்டுவந்த கடிகாரங்களை எல்லாம் ஒரு தட்டில் வைத்து ஆளுக்கு ஆள் கைமாற்றிப் பார்ப்பது அங்கே வழக்கம். தட்டு சுற்றிவிட்டு என்னிடம் வந்தபோது என் கடிகாரத்தின் இடம் காலியாக இருந்தது. சார் கடிகாரம் பழுது பார்க்கும் பக்கத்து அறையில் ஒரு சின்ன மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

நான் எழுந்த வேகத்தில் காப்பி கவிழ்ந்தது. அறைக்குள், பேச்சு நடந்தபோது கூட்டத்தில் இல்லாத செல்வகணேஷ் பின்மூடியைத் தனியாகக் கழற்றி, பாலிஷ் சக்கரத்தில் பிடித்துக்கொண்டிருந்தான். கையைப் பிடித்து இழுத்தேன். சக்கரம் என் விரலையும் கொஞ்சம் தேய்த்தது. மூடியை வெளிச்சத்தில் பார்த்தேன். 'லிங்கம்' இருந்தது. அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் கண்ணாடி போல மின்னியது. என் மூக்கு அதில் தெரிந்தது.

"அக்கா, நீங்க சம்மதிச்சுட்டதா சார் சொன்னாங்க" என்றான். அவன் முகம் வெளுத்துவிட்டது. அவன் சாலைக் கடைத்தெருவில் கடிகாரம் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன்; சார் சொன்னால் செய்கிறவன். அவனைத் திட்ட வாய் வரவில்லை. கொஞ்சம் திட்டினேன், பொய் சொல்வானேன்.

சார் பின்னாலேயே வந்து நின்றார். மூடியைப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

"பாதியில நிறுத்திட்டியே. இப்பதான் அசிங்கமா இருக்கு. முழுக்க எடுத்துடட்டும்."

"பஸ்ஸுக்காரன் ஒரு கால் மேல ஏத்திட்டான்னா, மத்த காலையும் ஏத்திடட்டும்னு சொல்வீங்களா சார்?"

"என்ன பேச்சு இது? உன் நல்லதுக்குத்தானே செஞ்சேன். உன் வயசுக்கு, உன் நெலமைக்கு, இதோட மதிப்பு புரிய நாளாகும்..."

"என் நெலமை என்ன?"

 எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்கு அழுகைதான் முதலில் வரும். அதை வைத்து என்னை எடைபோட்டவர்கள் பிற்பாடு வருத்தப்பட்டிருக்கிறார்கள். மூடியையும் கடிகாரத்தையும் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு இறங்கினேன். வாசலில் மாமி, "என்ன ஆச்சு?" என்றாள். "உங்காத்துக்காரரைக் கேளுங்கோ" என்றேன், அவர்கள் பாஷையிலேயே.

வீட்டில் அம்மா விரலுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். இத்தனை நாள் அந்தக் கடிகாரத்தைச் சபித்தவள்.

"போலீசுக்குப் போயேம்ட்டி."

"போயி என்னன்னு சொல்ல?"

"பேர அழிச்சுட்டான்னு சொல்லு."

"அதுக்கெல்லாம் செக்‌ஷன் இல்லம்மா."

"கழுத்துல கெடக்க செயின அறுத்தா செக்‌ஷன் இருக்கு. பேர அறுத்தா இல்லியா? நல்லாத்தான் எழுதி வச்சிருக்கானுவ."

எலிசாளுக்குப் போன் செய்தேன். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.  

"எம்புட்டு போச்சு?"

"முன்பாதி. லிங்கம் மட்டும் இருக்கு."

"கண்காட்சி என்னைக்கு?"

சொன்னேன். "ம்" என்று வைத்துவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஹரிஷங்கர் கூப்பிட்டான். "பேச்சி, ப்ளீஸ், தேஷ்யப்படாதே, கோச்சுக்காதே. மாமா பண்ணினது தப்புதான், நான் சம்மதிக்கறேன். பட், ப்ரோஷர் அடிச்சாச்சு. கவர்லயே உன் டென்சோக்கு. பேப்பர்ல நியூசும் வந்தாச்சு. அது இல்லாட்டா நாங்க நாறிப்போயிடுவோம்."

"கொண்டு வர்றேன்."

"சத்தியமா?"

"அட்டை நான்தான் எழுதுவேன்."

"பின்னே? ரூல் அதானே."

"அதானே" என்றேன்.

வழுதக்காட்டில் ஒரு ஹாலில் கண்காட்சி. திறப்பு விழாவுக்கு முன்பே போய், நடுவில் எனக்கென்று வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியைத் திறந்தேன். மற்ற எல்லாக் கடிகாரங்களும் முகம் காட்டி நின்றன. நான் என்னுடையதைக் குப்புற வைத்தேன். பின்மூடி மேலே. விளக்கு நேராக அதன் மேல் விழும்படி திருப்பினேன். பக்கத்தில் அட்டையை நிறுத்தினேன். மலையாளத்தில், தமிழில், ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன்.

"டென்சோக்கு. ஜப்பான் கடற்படை விமானிக்காகச் செய்யப்பட்டது. பிறகு போனக்காடு தொழிலாளி ஞா. பூதலிங்கம் சாகும்வரை வைத்திருந்தார். திருடன் என்று சொன்னவனுக்குப் பதிலாகத் தம் பெயரைப் பின்மூடியில் தாமே எழுதினார். செய்த வேலை: பெயரின் முன்பாதி தேய்த்து அழிக்கப்பட்டது. செய்தவர்: செல்வகணேஷ், சாலை. செய்யச் சொன்னவர்: அனந்தபத்மநாபன், வலியசாலை. உடைமைக்காரரின் சம்மதம்: இல்லை. உடைமைக்காரர்: வே. பேச்சி, கரிமடம்."

சார் முதல் ஆளாக வந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"இதை எடுத்துடு."

"எடுக்கறேன். வாட்ச்சையும் சேர்த்து."

"வெளையாடறியா? கலெக்டர் வரா. என் சம்பந்தி வரா. எல்லாரும் வருவா."

"வரட்டும் சார். அதுக்குத்தானே கண்காட்சி."

"ஹரி! அந்த அட்டையை எடுடா."

ஹரிஷங்கர் பெட்டிப் பக்கம் ஒரு அடி வைத்தான். நின்றான். என்னைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். பாவம், அவன் வாழ்க்கையிலேயே அதுதான் கஷ்டமான ஒரு அடியாக இருந்திருக்கும். "மாமா... அடுத்தவா அட்டையில கை வைக்கப்படாதுன்னு நீங்கதானே எழுதினேள்" என்றான், தரையைப் பார்த்து.

பட்டத்து டாக்டர் பின்னால் நின்றிருந்தார். அன்றைக்கு மாடியில் சேர்ந்து சிரித்தவர். இப்போது அவருக்குத் தன் முள் ஞாபகம் வந்துவிட்டது. "ஒரு சூசிக்கு, ஒரு முள்ளுக்கு, திருட்டுன்னா, ஒரு பேருக்கு என்னாக்கும் சாரே?" என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்டார். அவர் என் பக்கம் சேர்ந்தது நியாயத்துக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வைத்துக்கொண்டேன்.

அட்டை நின்றது.

கூட்டம் வந்தது. எல்லோரும் நடுப்பெட்டிக்குத்தான் முதலில் வந்தார்கள். குனிந்து பார்த்தார்கள், படித்தார்கள், நிமிர்ந்து ஹாலைச் சுற்றிப் பார்த்தார்கள். சார் மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து யார் யார் படிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கொஞ்சம் பாவமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அதற்காக அட்டையை எடுப்பேனா என்று கேட்டால், மாட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வாசலில் ஒரு சலசலப்பு. செருப்பை எங்கே விடுவது என்று ஒரு பெண் சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எலிசாள். நல்ல வெள்ளைச் சேலை, சர்ச்சுக்குப் போகிறது மாதிரி. தனியாகப் பஸ் பிடித்து வந்திருந்தாள். செருப்போடு வரலாம் என்று சொன்னேன்.

பெட்டிக்கு முன்னால் நின்றாள். கண்ணாடி மேல் விரலை வைத்து, மிச்சம் இருந்த எழுத்துகளின் வழியே ஓட்டினாள். பிறகு அட்டையைக் காட்டினாள்.

"என்ன எழுதிருக்கு?"

நான் படிக்க வாயெடுத்தேன்.

"நீ வாசிக்காத. நீ கோவக்காரி, ரெண்டு சேத்து வாசிப்பே. வேற ஆளு வாசிக்கட்டும்."

பக்கத்தில் நின்ற ஒரு கல்லூரிப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பெண் மலையாளத்தில் நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.  'திருடன்' என்ற இடத்தில் எலிசாள் தலையை ஆட்டினாள். 'சம்மதம்: இல்லை' என்ற இடத்தில் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள்.

"இந்த அனந்தபத்மநாபன் யாரு மக்கா?"

கல்லூரிப் பெண்ணுக்குத் தெரியவில்லை. நான் மூலையைக் காட்டினேன்.

எலிசாள் நேராக நடந்தாள். கூட்டம் வழி விட்டது. சார் நாற்காலியை விட்டு எழுந்தார். பழக்கம், பெண்கள் வந்தால் எழுகிற மனிதர்தான். வேஷ்டி நுனியைச் சரிசெய்துகொண்டார்.

"நீங்கதானா?"

"ஆமாம்மா. உக்காருங்கோ. அது வந்து... ஒரு தெரியாத்தனம்..."

"இருக்கட்டும். எங்க மாமனாரு பேருல பாதிய எடுத்தீகளே. அத எங்க வச்சிருக்கீக?"

சாருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் உதவிக்குப் போகவில்லை.

"எங்கயும் வெக்கலைம்மா. அதை எப்படி வெக்கறது? தேய்ச்சா பொடியாப் போயிடும்."

"பொடி இருக்கும்லா?"

"அது... கீழ விழுந்திருக்கும். பெருக்கித் தள்ளியிருப்பா."

"யாரு பெருக்கினா?"

"எங்காத்துல வேலை செய்யறவா."

"அப்ப உங்க வீட்டுலதான் கெடக்கு" என்றாள் எலிசாள். குரலை உயர்த்தவே இல்லை. "நான் இங்கனதான் இருக்கேன். கடைசி பஸ்ஸு சாயங்காலம். போயி எடுத்துட்டு வாங்க."

அவள் அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டாள். கைப்பையை மடியில் வைத்து, வாசலைப் பார்த்துத் திரும்பினாள். சார் நின்றுகொண்டிருந்தார். ஹாலில் இருந்த அத்தனை பேரும், அவர் கிளம்புகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.